மலையும் திமிலும்

ஆம்பூரில் பிறந்தவர்களுக்கு மலை தேடிச் சென்று காணும் பொருளன்று. தெருமுனையில் நின்று தலையைச் சற்றுத் திருப்பினாலே ஏதேனும் ஒரு மலையின் தோள் கண்ணில் பட்டுவிடும். தென்கிழக்கே ஜவ்வாது மலைத்தொடர், தென்மேற்கே ஏலகிரி, ஊரையொட்டி, 1749ஆம் ஆண்டு ஆர்க்காட்டு நவாப் அன்வருதீன்கான் போரில் வீழ்ந்ததைப் பார்த்து நின்ற ஆம்பூர் துருகம். இவற்றுக்கு நடுவே பாலாறு. வேலூரைப் பற்றி மக்கள் வேடிக்கையாகச் சொல்லும் குறைகளில் மரமில்லாத மலையும் ஒன்று. அந்த மொட்டைப் பாறைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதுவும் ஓர் அழகுதான்.

என் தந்தையார் மலையால் பிழைத்தவர். தோல் பதனிடும் ஊர்களுக்கு ஆடுமாடுகளின் தோல் மட்டும் போதாது. அதைக் கெடாமல் காக்கும் துவர்ப்பும் வேண்டும். குரோமிய உப்பு எல்லா இடத்தையும் பிடித்துக்கொள்வதற்கு முன்பு, அந்தத் துவர்ப்பை ஆவாரம்பட்டையும் கடுக்காயும் தந்தன. கடுக்காய் ஜவ்வாது மலையில் விளையும். தை மாதம் தொடங்கிக் கோடை முற்றும் வரை மலைவாழ் மக்கள் சேர்த்துவைக்கும் காய்களை மூட்டையாகக் கட்டி, அடிவாரத்து வண்டிப்பாதை வரை தலையில் சுமந்து இறக்குவது அப்பாவின் வேலை. வண்டி அங்கிருந்து ஆம்பூருக்கோ வாணியம்பாடிக்கோ போகும். சுண்ணாம்புக் குழிகளின் நெடி வீசும் எங்கள் தெருவில், அப்பாவின் சட்டையில் மட்டும் உலர்ந்த கடுக்காயின் மணம் இருக்கும்.

அவர் எழுதப் படிக்க அறியாதவர். ஆனால் மலைகளுக்கு ஓர் அளவு வைத்திருந்தார். சுமையோடு ஏறுபவன் ஓரிடத்தில் மூட்டையை இறக்கி வைத்து மூச்சு வாங்குவான்; அதற்கு அவர் 'ஓர் இறக்கு' என்று பெயரிட்டிருந்தார். இது மூன்று இறக்கு மலை, அது ஐந்து இறக்கு மலை என்பார். சமவெளியிலிருந்து அவர் எண்ணுவதில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. ஒரு மலைக்கும் அடுத்த மலைக்கும் இடையிலுள்ள கணவாயில் நின்றுகொண்டுதான் எண்ணத் தொடங்குவார். அந்தக் கணவாய்க்கு இறங்காமலேயே போய்ச் சேரக்கூடிய உச்சி எதுவானாலும் அவர் கணக்கில் அது மலையே இல்லை. அப்படி ஒன்று ஆலங்காயத்துக்கு மேலே, அவர் வழக்கமாகப் போகும் பாதையில் இருந்தது. அதைத் 'திமில்' என்று அழைத்தார்.

1983ஆம் ஆண்டு நான் பத்தாம் வகுப்பில் படித்தேன். கடல் மட்டத்திலிருந்து 600 மீட்டருக்கு மேல் உயர்ந்தது மலை, அதற்குக் குறைந்தது குன்று என்று வகுப்பில் எழுதிப்போட்டார்கள். அத்துடன் நில்லாமல், எங்கள் பகுதியின் நில அளவை வரைபடம் ஒன்றைச் சுவரில் தொங்கவிட்டு, அதிலுள்ள உயரப் புள்ளிகளைப் படிக்கவும் கற்றுத்தந்தார்கள். வட்டமும் வளைவுமாக ஓடும் பழுப்பு நிறக் கோடுகள் சம உயரக் கோடுகள் என்பதையும், முக்கோணமோ புள்ளியோ இட்ட இடத்தருகே அச்சிட்டிருக்கும் எண் அவ்விடத்தின் உயரம் என்பதையும் அன்றுதான் அறிந்தேன். அந்த வரைபடத்தில் நான் முதலில் தேடியது அப்பாவின் மலைகளைத்தான்.

தேடிக் கண்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா திமில் என்று ஒதுக்கிய உச்சிக்கு ஆயிரத்தைத் தாண்டிய எண் இருந்தது. 'ஆள் கொல்லி மலை' என்று அவர் அஞ்சிப் பேசும், ஊருக்கருகே தனித்து நிற்கும் மலையோ அறுநூறைக்கூட எட்டவில்லை. அன்று மாலை வீட்டுத் திண்ணையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த மேஸ்திரியின் முன்னிலையில், அப்பா மலையைக் குன்று என்றும் குன்றை மலை என்றும் தலைகீழாகச் சொல்லி வருவதாக அறிவித்தேன். மேஸ்திரி சிரித்தார்.

அப்பா கோபப்படவில்லை. "இறங்காம ஏறினா அது வேற மலையாடா?" என்று கேட்டார். "மாட்டு மேல திமில் கீது. அதுக்காக ரெண்டு மாடுன்னு சொல்வியா?"

"கடல்லேருந்து அளக்கணும்பா. அதுதான் கணக்கு. புக்குல போட்டிருக்கு" என்றேன்.

மேஸ்திரி மறுபடி சிரித்தார். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். அதன்பின் பல ஆண்டுகள் அவர் என்னிடம் மலைகளைப் பற்றிப் பேசவே இல்லை. நானும் கேட்கவில்லை. மதிப்பெண் வாங்குவதில் மும்முரமாக இருந்தேன்.

புத்தகத்தில் இருந்த எண்ணும் எளிதில் கிடைத்ததன்று என்பதைப் பின்னாளில் படித்தறிந்தேன். 1802ஆம் ஆண்டு ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்னும் படை அதிகாரி, சென்னைப் பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் குன்றுவரை ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோடு அளந்தார். நூறடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. அது வெயிலில் நீண்டுவிடாதபடி மூடிய பெட்டிகளுக்குள் கிடத்தி, முக்காலிகளின்மேல் தாங்கி, நானூறு முறைக்கு மேல் அடுத்தடுத்துப் பரப்பினார்கள். தரையில் நேராக அளக்க வேண்டியது அவ்வளவுதான். அதன்பின் கோணங்களே போதும். ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் மற்ற இரு பக்கங்களும் தெரிந்துவிடும் என்பது உங்கள் கணக்குப் புத்தகத்திலேயே உள்ள செய்தி. அந்தப் பக்கங்களின்மேல் புதிய முக்கோணங்கள். அவற்றின்மேல் வேறு முக்கோணங்கள். இவ்வாறு மலையுச்சியிலிருந்து மலையுச்சிக்குத் தாவித் தாவித்தான் இந்திய நிலப்பரப்பே அளக்கப்பட்டது. மேல்நோக்கிய கோணத்தையும் அளந்தால் எதிரேயுள்ள உச்சியின் உயரமும் கிடைத்துவிடும்.

அந்த முக்கோணங்கள் மேற்கே மங்களூரை நோக்கி நகர்ந்தபோது நம் வட ஆர்க்காட்டு மலைகளின்மீதும் காலூன்றின. லாம்டனின் நிலையங்களின் பட்டியலில் கர்நாடிகர், கைலாசகர் என்றெல்லாம் ஆங்கிலேயரின் காதில் விழுந்தபடி எழுதப்பட்ட பெயர்களைக் காணலாம். அவருடைய பெரிய கோணமானி ஏறத்தாழ அரை டன் எடை கொண்டது. அதைப் பாதையற்ற உச்சிகளுக்கு ஏற்றிச் சென்றவர்களின் பெயர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. அவர்களும் எத்தனையோ முறை சுமையை இறக்கி வைத்திருப்பார்கள். மலையில்லாத சோழநாட்டில் கோபுரங்களே மலைகளாயின. 1808இல் தஞ்சைப் பெரிய கோவிலின் விமானத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து கோணமானி சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் கூடாரத்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு ஆறு வாரம் உழைத்து, அதைத் தம் கையாலேயே சீர்செய்தார். அந்த வேலையின் தொடர்ச்சியாகத்தான் இமயத்தின் பதினைந்தாம் எண் சிகரம் 29,002 அடி என்று கணிக்கப்பட்டு, 1856இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அக்கணக்கில் பெரும்பங்கு வகித்தவர் வங்காளத்து ராதாநாத் சிக்தார். சிகரத்துக்கு வைக்கப்பட்டதோ எவரெஸ்டின் பெயர்.

இவற்றையெல்லாம் வியந்து படித்த காலத்திலும், அப்பாவின் கேள்விக்கு விடை தேட வேண்டும் என்ற எண்ணம் எனக்கு வரவில்லை. அது கேள்வி என்றே எனக்குத் தோன்றவில்லை.

1991இல் ஆசிரியப் பணி கிடைத்தவுடன் அப்பாவைச் சென்னைக்கு அழைத்துச் சென்றேன். அதுவரை அவர் கடலைப் பார்த்ததில்லை. தொடர்வண்டியில் ஜன்னலோரம் அமர்ந்து ஒவ்வொரு நிலையத்தின் பெயர்ப்பலகையையும் பார்த்துக்கொண்டு வந்தார். அந்த மஞ்சள் பலகைகளின் அடியில் அந்த இடம் கடல் மட்டத்துக்கு மேல் எத்தனை மீட்டர் என்று எழுதியிருப்பதை நீங்களும் கண்டிருப்பீர்கள். ஆம்பூர் முந்நூறு மீட்டருக்குச் சற்று மேல். வேலூர்ப் பக்கம் வரும்போது இருநூறை ஒட்டி. அப்புறம் நூறுக்குக் கீழே. நான் எண்களைப் படித்துச் சொல்லச் சொல்ல, அப்பா தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். நாம் சமவெளியில் ஓடுவதாகத்தான் நினைப்போம்; உண்மையில் அந்த வண்டி மூன்று மணி நேரமாக ஒரு மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறது.

மெரினாவில் ஈரமணலில் நின்றார். வேட்டி நனைவதையும் பொருட்படுத்தாமல் நீண்ட நேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "இங்கதான் பூஜ்யமா?"

"ஆமாம்பா."

"அலை ஏறுது, இறங்குது. இதுல எதை வச்சுடா அளப்பாங்க?"

எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுத்தார். எனக்கு விடை தெரியவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று சமாளித்தேன். ஊர் திரும்பி நூலகத்தில் தேடிப் படித்தபோதுதான், கடல் மட்டம் என்று ஒரு கோடு எங்கும் இல்லை என்பது புரிந்தது. நாகப்பட்டினம், சென்னை, விசாகப்பட்டினம், கொச்சி, மும்பை, கராச்சி உள்ளிட்ட ஒன்பது துறைமுகங்களில் ஆண்டுக்கணக்காக ஓதத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறித்து, சராசரி கண்டு, அந்தச் சராசரியைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். 1909ஆம் ஆண்டு வகுத்த அந்த அடிப்படைதான் நம் வரைபடங்களில் உள்ள உயரங்களுக்கெல்லாம் வேர். அப்பாவிடம் இதைச் சொன்னேன். "அப்போ பூஜ்யம்கிறது ஆளுங்க பேசி வச்சதுதான்" என்றார். ஆம் என்று ஒப்புக்கொண்டேன். அவ்வளவில் நிறுத்திக்கொண்டார். திமிலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நானாக எடுத்துப் பேசியிருக்கலாம். பேசவில்லை. 2004இல் அவர் காலமானார்.

அதற்குப் பின்னர்தான், பிரித்தானியத் தீவின் மேற்கிலுள்ள வேல்ஸ் நாட்டில் மலைகளை வகைப்படுத்துவதைப் பொழுதுபோக்காகவும் கிட்டத்தட்ட ஒரு வழிபாடாகவும் கொண்டவர்களைப் பற்றிப் படிக்க நேர்ந்தது. வேல்ஸின் மிக உயர்ந்த மலையான சுனோடன் 1,085 மீட்டர்தான். நம் ஏலகிரியின் சுவாமிமலையைவிடத் தாழ்ந்தது. உயரத்தில் பெருமைப்பட அதிகம் இல்லாததாலோ என்னவோ, அங்குள்ளோர் ஓர் அங்குலத்தையும் விட்டுக்கொடுப்பதில்லை. இரண்டாயிரம் அடி, அதாவது 609.6 மீட்டர் இருந்தால் மலை. இல்லையேல் குன்று என்பது அங்கே பலர் ஏற்ற வழக்கு. மினித் கிரைக் கோக் என்னும் குன்று சில அடிகள் குறைந்தது என்றே வரைபடங்கள் சொல்லிவந்தன. 2008இல் தன்னார்வ அளவையாளர்கள் சிலர் துல்லியக் கருவியோடு ஏறி அளந்து, அது 609.75 மீட்டர் என்று நிறுவினார்கள். அரை முழத்துக்கும் குறைந்த வேறுபாட்டில் ஒரு குன்று மலையாயிற்று! ஊர்மக்கள் மண் சுமந்து கொட்டித் தங்கள் குன்றை மலையாக்குவதாக ஒரு திரைப்படமே வேல்ஸைக் களமாகக் கொண்டு 1995இல் வந்திருக்கிறது.

ஆனால் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்தச் செய்தியன்று. உயரம் மட்டும் பார்த்தால் ஒரு பெரிய மலையின் தோளில் உள்ள ஒவ்வொரு மேடும் தனி மலையென்று உரிமை கொண்டாடும் என்பதை அவர்கள் கண்டிருந்தார்கள். அதற்காக இரண்டாவது அளவு ஒன்றையும் பயன்படுத்தினார்கள். ஓர் உச்சியில் நின்றுகொண்டு, அதைவிட உயர்ந்த இன்னோர் இடத்துக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த வழியில் போனாலும் குறைந்தது எவ்வளவு இறங்கித்தான் ஆகவேண்டுமோ, அந்த இறக்கமே அவ்வுச்சியின் இரண்டாம் அளவு. தமிழில் அதைத் 'தனியெழுச்சி' என்று சொல்லலாம். வேறு விதமாகவும் நினைத்துப் பார்க்கலாம். ஊழி வெள்ளம் ஏறி வருகிறது. கணவாய்கள் ஒவ்வொன்றாக மூழ்குகின்றன. ஒரு மலை, தன்னைவிட உயர்ந்த எதனோடும் ஒட்டாமல் தனித்தீவாகும் கணத்தில், நீர்மட்டத்துக்கு மேல் அது எவ்வளவு நிற்கிறதோ அதுவே அதன் தனியெழுச்சி.

அந்தப் பக்கத்தைப் படித்து முடித்தபோது திண்ணையில் மேஸ்திரி சிரித்தது என் காதில் கேட்டது.

இந்த அளவைக் கையில் எடுத்தவுடன் நாம் மனப்பாடம் செய்த வரிசைகள் கலைந்துபோகின்றன. லோட்சே உலகின் நான்காவது உயர்ந்த சிகரம்; 8,516 மீட்டர். ஆனால் அது எவரெஸ்டின் தோளோடு தோள் ஒட்டியது. இரண்டுக்கும் இடையிலுள்ள தெற்குக் கணவாயே 7,906 மீட்டரில் இருக்கிறது. ஆகவே லோட்சேயின் தனியெழுச்சி வெறும் 610 மீட்டர். நம் ஆனைமுடியோ 2,695 மீட்டர்தான். அதன் தனியெழுச்சி 2,479 மீட்டர். தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர், தனியெழுச்சி 2,256. ஆனைமலைக்கும் நீலகிரிக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் அவ்வளவு தாழ்ந்து கிடப்பதால்தான் இரண்டும் தனித்தனி மாமலைகளாகத் தலைநிமிர்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்று கோவைப் பக்கம் நுழைவதும் அந்த இறக்கத்தின் வழியாகத்தான். கணவாயைப் பாராமல் மலையை அறிய முடியாது என்பது காற்றுக்கும் தெரிந்திருக்கிறது.

நம் முன்னோரும் மலையை ஒரே சொல்லில் அடைத்துவிடவில்லை. குன்று, பொறை, அடுக்கல், சிமையம், வரை, சாரல், கரடு என்று மலையின் அளவுக்கும் உறுப்புக்கும் வடிவுக்கும் வெவ்வேறு சொற்கள் உண்டு. ஜவ்வாதின் தென்புறத்தே செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடும் மலைபடுகடாம், 583 அடிகளில் கூத்தர்க்கு வழி சொல்லும் நூல். வழி சொல்பவனுக்கு உச்சியின் உயரம் எதற்கு? எங்கே ஏற வேண்டும், எங்கே இறங்க வேண்டும் என்பதுதான் வேண்டும்.

2018ஆம் ஆண்டு பள்ளியின் சுற்றுச்சூழல் மன்ற மாணவர்கள் பன்னிருவரோடு, வனத்துறையின் அனுமதி பெற்று, அப்பாவின் திமிலை அளக்கச் சென்றேன். முதலில் ஏலகிரியை வரைபடத்தில் பார்த்தோம். ஏலகிரியும் வாணியம்பாடியும் 57 எல்/10 என்னும் தாளில் இருக்கின்றன; இருபது மீட்டருக்கு ஒரு சம உயரக் கோடு. புலவர்கள், வள்ளல்களின் பெயர் சூட்டிய பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப்போகும் அந்த மலையை, ஓர் அகன்ற பள்ளத்தாக்கு ஜவ்வாதிலிருந்து பிரிக்கிறது. விரலால் கோடுகளைத் தொட்டு இறங்கி, அதன் தனியெழுச்சி எழுநூறு மீட்டருக்குக் குறையாது என்று மாணவர்கள் கணித்தார்கள். தாளிலேயே முடிந்துவிட்ட வேலை அது.

ஆனால் திமில் தாளில் அகப்படவில்லை. அங்கே கணவாய் இரண்டு கோடுகளுக்கு நடுவில் எங்கோ கிடந்தது. இருபது மீட்டர் இடைவெளியுள்ள கோடுகளைக் கொண்டு அவ்வளவு சிறிய இறக்கத்தைச் சொல்ல முடியாது. நேரில் போய்த்தான் ஆகவேண்டும்.

கணவாயில் நின்று மாணவர்கள் கைப்பேசிகளை எடுத்தார்கள். மூன்று கைப்பேசிகள் மூன்று உயரம் காட்டின. அவற்றுள் ஒன்று வரைபடத்தைவிட எண்பது மீட்டருக்கும் மேல் குறைத்துக் காட்டியது. அது கெட்டுவிட்டது என்று எல்லாரும் சிரித்தார்கள். கெடவில்லை. செயற்கைக்கோள், பூமியை ஒழுங்கான நீள்கோளமாக வைத்துக்கொண்டு அதன் பரப்பிலிருந்து உயரத்தைக் கணிக்கிறது. சில செயலிகள் அதைத் திருத்தாமல் அப்படியே காட்டிவிடுகின்றன. உண்மைக் கடலோ ஈர்ப்பு விசைக்கேற்ப மேடும் பள்ளமுமாக இருக்கிறது. இலங்கைக்குத் தெற்கே கடற்பரப்பே அந்த நீள்கோளத்துக்கு நூறு மீட்டருக்கும் கீழே தாழ்ந்திருக்கிறது. உலகிலேயே ஆழமான அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் தென்னிந்தியா முழுவதும் அமர்ந்திருக்கிறது. "அப்படியானால் எந்தப் பூஜ்யம் சரி, ஐயா?" என்று ஒரு மாணவன் கேட்டான். ஈரமணலில் நனைந்த வேட்டியோடு நின்ற ஒருவரின் கேள்விதான் அது.

மாணவி ஒருத்தி சிறிது யோசித்துவிட்டுச் சொன்னாள்: "உச்சியிலும் கணவாயிலும் ஒரே கைப்பேசி ஒரே அளவுதானே தவறும், ஐயா? ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துவிட்டால் தவறும் போய்விடுமே."

நான் அவளை உட்காரச் சொல்லிவிட்டு நானும் ஒரு பாறைமேல் உட்கார்ந்தேன். முப்பத்தைந்து ஆண்டுகளாக எனக்குத் தோன்றாதது. ஒன்பது துறைமுகங்களின் சராசரி எதுவாயினும், நீள்கோளம் எங்கே இருந்தாலும், கணவாயிலிருந்து உச்சிக்கு உள்ள ஏற்றம் மாறாது. கடலையே பாராத ஒருவர் நம்பிப் பயன்படுத்தக்கூடிய அளவு அது ஒன்றுதான்.

கைப்பேசிகளைப் பைக்குள் வைத்துவிட்டு, கொத்தனாரின் மகன் ஒருவன் கொண்டுவந்திருந்த தண்ணீர் மட்டக் குழாயை எடுத்தோம். வீடு கட்டுமிடத்தில் நீங்கள் பார்த்திருப்பீர்கள்: கண்ணாடிபோல் தெளிந்த நீண்ட குழாய், உள்ளே தண்ணீர், இரு முனைகளையும் உயர்த்திப் பிடித்தால் இரண்டிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். ஒன்றரை மீட்டர் கோல் ஒன்றைக் கீழே நிறுத்தி, அதன் தலையோடு ஒக்கும் தரையை மேலே கண்டுபிடித்து அடையாளமிட்டு, பின்பு கோலை அங்கே நகர்த்த வேண்டும். குழாய்க்குள் ஒரு காற்றுக்குமிழி புகுந்தால் எல்லாம் பாழ். இருமுறை புகுந்தது; இருமுறையும் கீழிருந்து தொடங்கினோம். நண்பகல் வெயிலில் பாறை சுட்டது. பதினான்கு கோல் முழுதாக, பதினைந்தாவது கோலில் பாதிக்குச் சற்று மேல். ஏறத்தாழ இருபத்திரண்டு மீட்டர்.

எங்கள் பள்ளிக் கட்டடத்தின் உயரம்கூட அதில் பாதிக்கு மேல் வரும்.

அப்பா வென்றுவிட்டார் என்று நான் மகிழ்ந்த வேளையில், வேல்ஸின் பட்டியல்களைக் குறித்துவைத்திருந்த மாணவன் குறுக்கிட்டான். அங்கே ஒரே அளவுகோல் இல்லை. ஆலன் டாசன் 1992இல் வெளியிட்ட பட்டியலுக்கு 150 மீட்டர் தனியெழுச்சி வேண்டும். வேறொரு பட்டியலுக்கு 30 மீட்டர் போதும். இன்னொன்றோ 15 மீட்டர் இருந்தாலே தனி மலையென்று ஏற்றுக்கொள்ளும். இருபத்திரண்டு மீட்டர் என்றால் முதல் இரண்டின்படி இது திமில், மூன்றாவதன்படி மலை. ஊருக்கருகே தனித்து நிற்கும், அறுநூறை எட்டாத 'ஆள் கொல்லி'யோ தனியெழுச்சியை மட்டும் பார்த்தால் மூன்றிலும் தேறிவிடும் என்று அவனே வரைபடத்தைப் பார்த்துக் கணக்கிட்டுச் சொன்னான்.

"அப்போ கோட்டை எங்கே போடுறதுன்னும் ஆளுங்க பேசி வச்சதுதானா, ஐயா?" என்று கேட்டான் கொத்தனாரின் மகன். அவர்களுக்குள் பெரிய வாதம் மூண்டது. பதினைந்துக்கு ஒரு கட்சி, நூற்றைம்பதுக்கு ஒரு கட்சி. நான் தலையிடவில்லை. கணவாயின் ஓரத்தில் இடுப்பளவு உயரத்தில் ஒரு தட்டைக்கல் இருந்தது. தலைச்சுமையைக் குனியாமல் இறக்கி வைக்க வாகான உயரம். அதன் மேற்புறம் வழவழவென்று தேய்ந்திருந்தது. உணவுப் பொட்டலங்களை அதன்மேல்தான் வைத்திருந்தோம்.

புறப்படும் நேரத்தில், அளவைக் குறிப்பேட்டை வைத்திருந்த மாணவி உயரம், இறக்கம், தேதி எல்லாம் நிரப்பிவிட்டு நிமிர்ந்தாள். வரைபடத்தில் அந்த உச்சிக்கு எண் மட்டுந்தான் இருக்கிறது, பெயர் இல்லை. பெயர் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்டாள்.

திமில் என்று எழுதச் சொன்னேன்.